பச்சை ஒயர்

சார்ஜில் போட்டுக்கொண்டு தட்டினால்
லேப்டாப் மணிக்கட்டைக் கடிக்கிறது.
கடி என்றால் கடி இல்லை,
எறும்பு வரிசை ஒன்று தோலுக்கடியில்
வீடு மாற்றிப் போகிற மாதிரி.

எங்கோ இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு
பில் போடுகிற வேலை. இரவு ஏழரைக்கு லாகின்.
அம்புக்குறி தானாக நடுங்கி
யாரோ ஒருவரின் முழங்கால் ஆபரேஷனை
இன்னொருவர் கணக்கில் ஏற்றப் பார்க்கும்.
ஹெட்செட்டில் ஓயாமல் ஒரு ம்ம்ம்ம்,
கதை கேட்கிறவர் கொட்டுகிற 'உம்' போல.

ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம் என்றார்கள்.
சார்ஜர் மாற்றினார்கள். பிறகு லேப்டாப்பையே.
புதிதும் கடித்தது.
அப்புறம்தான் என் மேலேயே சந்தேகம்:
சர்க்கரையா, தைராய்டா, நரம்பா.
ஸ்டான்லியில் ஓபி சீட்டு வாங்கி நின்றேன்.

அன்றிரவு மகன் தோளில் கை வைத்தவன்
வெடுக்கென எடுத்துக்கொண்டான்.
"அம்மா, நீ ஜிர்ருனு இருக்கே."

தணிகாசலம் வந்தார், வாயில் இரண்டு ஸ்க்ரூவோடு.
லேப்டாப்பைக் கவிழ்த்து அடி ஸ்க்ரூவில் டெஸ்டர் வைத்தார்.
சின்னதாய்ச் சிவந்தது.
"மிஷின் நல்லாத்தான் கீதுமா.
கீழ எறங்கவேண்டிய கரண்டு
போக்கிடம் இல்லாம உன் கையாண்ட வந்து நிக்குது."

சுவிட்ச்போர்டைக் கழற்றினார்.
சிவப்புக்கு வேலை இருந்தது, கறுப்புக்கு வேலை இருந்தது.
பச்சை மட்டும்
சுருட்டி, டேப் ஒட்டி, பெட்டிக்குப் பின்னால்
எங்கேயும் போகாமல் படுத்திருந்தது.
பிளக்கின் மூன்றாவது ஓட்டை
இத்தனை நாள் சும்மா அழகுக்கு.

ஓனர் போனில் கேட்டார்:
"முப்பது வருஷமா யாராவது செத்தாங்களா?"

கீழ்ப்போர்ஷன் ஷம்ஷாத்திடம் சொல்லப் போனேன்.
பதில் சொல்லாமல் ஃப்ரிட்ஜ் முன்னால்
நாலாய் மடித்துப் போட்ட கோணியைக் காட்டினாள்.
அதன் மேல் ஏறி நின்றுதான் திறப்பாளாம்.
கம்பெனி சரியில்லை அக்கா, தவணை வேற பாக்கி.
மாடி ஜெபராஜ் கீசர் குழாயை
மரக்கரண்டியால் திருப்புகிறார்.
எதிர்ப்போர்ஷன் பொற்கொடி
கிரைண்டர் கழுவ என்றே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்திருக்கிறாள்,
"எங்க கிரைண்டருக்கு அப்படி ஒரு கொணம்."

நாலு போர்ஷன். ஒரே படிக்கட்டு.
அவரவர் சாமானைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

பின்பக்க டைல்ஸை உடைத்தார்கள்.
எர்த் பைப் இருந்த இடத்தில் பைப் இல்லை,
பைப் உருவத்தில் துரு.
விரல் பட்டதும் உதிர்ந்தது.
காசிமேட்டுக் காற்று மண்ணுக்குள்ளும் வீசும் போல.

ஞாயிற்றுக்கிழமை குழி தோண்டினோம்.
பாதிச் செலவு ஓனருடையது, மீதி எங்களுடையது;
அதற்கே ஜெபராஜ் மூன்று முறை தண்டையார்பேட்டைக்கு
அவர் வீடு தேடிப் போய்வந்தார்.
கரி ஒரு மூட்டை, கல்லுப்பு ஒரு மூட்டை.
உப்பு எதற்கு, தோண்டிய மண்ணே கரிக்கிறதே என்றேன்.
தணிகாசலம் சிரித்தார்.
"இந்த மண்ணு கரண்டை நல்லாக் குடிக்கும்.
அப்பால பைப்பையும் குடிச்சிடும்.
வெயில் காலத்துல வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க."

தண்ணியா?
நாலு பேரும் ஒரே குரலில் கேட்டோம்.
லாரி வரும் நாளில் ஒரு குடத்துக்கு
எவ்வளவு சண்டை என்று அவருக்கும் தெரியும்.
கடைசியில் முறை வைத்தோம்.
மோட்டார் ரூம் கதவில் சாக்பீஸால் நாலு பெயர்.
என் வாரத்தில் சங்கரா மீன் கழுவிய தண்ணீர்.
பூனை வந்து மூடியை முகர்ந்துவிட்டுப் போகும்.

இப்போது மணிக்கட்டு சும்மா இருக்கிறது.
அம்புக்குறி நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறது.
ஹெட்செட்டில் அந்த 'உம்' இல்லாமல்
துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள்
கேட்டில் வரிசையில் உறுமுவது கேட்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார
இன்னும் கால் வரவில்லை.
ஷம்ஷாத்தும் அந்தக் கோணியை எடுக்கவில்லை.
நான் கேட்கவில்லை.